அங்கேயும் வெள்ளி, இங்கேயும் வெள்ளி

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "நான், வீட்டுக்காரர், 11 வயது மகன், மூன்று பேர். சிங்கப்பூரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். கையில் 1,500 ரிங்கிட் இருக்கிறது. அந்தக் காசுக்கு அங்கே தண்ணீர்கூடக் குடிக்க முடியாது என்கிறார்கள். உண்மையா, அண்ணே?"

தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். அங்கே குழாய்த் தண்ணீரையே அப்படியே குடிப்பார்கள். ஆளுக்கொரு போத்தல் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள், அந்தச் செலவு அத்தோடு முடிந்தது. மற்றதைப் பேசுவோம்.

நான் பத்து வருடம் ஜொகூர் பாருவில் (ஜே.பி.) தங்கி, தினமும் சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். இப்போது பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன். சொந்தக்காரர்கள் சிங்கப்பூர் கிளம்பினால் எனக்குத்தான் முதலில் போன் வரும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: 1,500 ரிங்கிட்டில் போய் வர முடியும். மூன்று பகல், இரண்டு இரவு. ஆனால் அந்த இரண்டு இரவையும் எங்கே படுத்துக் கழிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சாப்பாடும் ரயிலும் யாரையும் ஓட்டாண்டி ஆக்கியதில்லை. கட்டில்தான் ஆக்கும்.

முதலில் இந்த வெள்ளிக் கணக்கு. நாம் ரிங்கிட்டை வெள்ளி என்போம், அவர்கள் டாலரை வெள்ளி என்பார்கள். 1973 வரை இரண்டும் ஒரே மதிப்பு. அந்தக் கடையில் இந்தக் காசும் இந்தக் கடையில் அந்தக் காசும் செல்லும். இன்று அவர்களுடைய ஒரு வெள்ளி வாங்க நம்முடைய மூன்றேகால் வெள்ளி சுமாராக வேண்டும். ஒரு வேடிக்கை பாருங்கள். ஜே.பி. சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸுக்கு தெப்ராவ் ரயில் என்று ஒன்று ஓடுகிறது. ஐந்தே நிமிடப் பயணம். போகும்போது டிக்கெட் 5 ரிங்கிட். அதே தண்டவாளம், அதே ரயில், திரும்பி வரும்போது 5 சிங்கப்பூர் வெள்ளி. ஊரின் விலைவாசி முழுக்க அந்த ஒரு டிக்கெட்டில் இருக்கிறது. ரொட்டி பரோட்டா அங்கே ஒன்றரை, இரண்டு வெள்ளி, நம் மாமாக் கடையில் ரொட்டி சானாயும் ஏறக்குறைய அதே எண்தான். எண் மாறாது, வெள்ளிதான் மாறும். இனி கீழே நான் "வெள்ளி" என்றால் சிங்கப்பூர் வெள்ளி, "ரிங்கிட்" என்றால் நம்முடையது.

ஆக உங்கள் 1,500 ரிங்கிட், அங்கே 460 வெள்ளி. இதில் மூன்று பேருக்கு ஒரு சாதாரண ஹோட்டல் அறை 100, 120 வெள்ளி. அதுவும் வார நாளில். வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை என்றால் ஏறும். சீனப் பெருநாள், பள்ளி விடுமுறை, கார்ப் பந்தயம் நடக்கும் வாரம் என்றால் விலையைப் பார்க்காமலே இருப்பது உடம்புக்கு நல்லது. தனி ஆளாக இருந்தால் லிட்டில் இந்தியா, லவண்டர், சைனாடவுன் பக்கம் 30, 40 வெள்ளிக்கு ஒரு படுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு தூங்கிவிடலாம். மூன்று பேருக்கு மூன்று படுக்கை என்று கணக்குப் போட்டால் அறை விலைக்கே வந்துவிடும். சில விடுதிகளில் சின்னப் பிள்ளைகளைச் சேர்க்கவும் மாட்டார்கள். எனவே உங்களுக்கு அறைதான்.

அறை பிடிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான ஹோட்டல்களில் பாதி அறைகளுக்குச் சன்னலே கிடையாது. பதிவு செய்யும் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள், நாம் படத்தைப் பார்த்து மயங்கிவிடுவோம். நான் ஒருமுறை அம்மாவை அழைத்துப்போய் அப்படி மாட்டினேன். அழகான திரை தொங்கியது. காலையில் வெளிச்சம் வரட்டும் என்று விலக்கினேன், பின்னால் சுவர். அம்மாவுக்கு மணி என்னவென்றே தெரியாமல் விடிகாலை நான்கு மணிக்குக் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு இரவுக்குப் பரவாயில்லை, தெரிந்தே எடுங்கள். கேலாங் பக்கம் அறைகள் கொஞ்சம் மலிவு. அங்கே சாப்பாடும் நன்றாக இருக்கும். ஆனால் சில சந்துகள் சிவப்பு விளக்குப் பகுதி. பையனோடு போகிற உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இங்கேதான் எல்லோரும் ஒரு யோசனை சொல்வார்கள்: "ஜே.பி.யில் தங்கிக்கொள், 130 ரிங்கிட்டுக்குக் குடும்ப அறை கிடைக்கும், தினமும் போய் வா." கணக்குச் சரிதான். சிங்கப்பூர் அறை 110 வெள்ளி என்றால் 357 ரிங்கிட், ஒரு இரவுக்கு 220 ரிங்கிட்டுக்கு மேல் மிச்சம். ஆனால் இதைச் சொல்கிறவர்கள் பாலத்தில் நின்றதில்லை. நான் பத்து வருடம் நின்றவன். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் அதன் நீளம். 1924-இல் திறந்தது. காலை நான்கு மணியிலிருந்து எட்டரை வரை ஜொகூரே அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் போகும். மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை அதே கூட்டம் இந்தப் பக்கம் வரும். வெள்ளிக்கிழமை சாயந்தரம் இரண்டு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியப்படாதீர்கள். ஒரு நாளில் இரண்டு தடவை, இரண்டு பக்கக் குடிநுழைவு, நான்கு வரிசை. பையனுக்குச் சிங்கப்பூர் என்றால் ஒரு நீளமான வரிசை என்றுதான் ஞாபகம் இருக்கும்.

நான் சொல்வது நடுவழி. முதல் இரவு ஜே.பி., இரண்டாம் இரவு சிங்கப்பூர். ஒரு தடவை போக, ஒரு தடவை வர. அவ்வளவுதான் பாலம்.

கிழமையை வைத்தே சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பண்டார் தாசிக் செலாத்தான் பஸ் நிலையத்தில் பஸ் ஏறுங்கள். நேராகச் சிங்கப்பூர் போகும் பஸ் வேண்டாம், ஜே.பி.யின் லார்கின் பஸ் நிலையம் போகும் பஸ். ஆளுக்கு 35 ரிங்கிட் சுமார். நேர் பஸ்ஸில் போகும்போது விலை பெரிதாகத் தெரியாது. திரும்பி வரும் டிக்கெட்டை வெள்ளியில் விற்பார்கள், அங்கேதான் அடி. லார்கின் வரை ரிங்கிட்டில் போய், ரிங்கிட்டிலேயே திரும்பி வாருங்கள். இரவு ஜே.பி. சென்ட்ரல் பக்கத்தில் தங்கி, நம் காசில் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

ராத்திரி பஸ்ஸில் போய் விடிகாலை இறங்கினால் ஒரு இரவு அறைச் செலவு மிச்சம் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லக்கூடும். வேண்டாம். ஐந்து மணிக்கு உட்லண்ட்ஸில் இறங்கினால் வேலைக்குப் போகிற கூட்டத்தின் நடுவில் நிற்பீர்கள். எனக்கு நடந்தது இது: வரிசை நகரவில்லை, எங்கள் பஸ் காத்திருக்கும் நேரம் முடிந்துவிட்டது, ஓட்டுநர் கிளம்பிப் போய்விட்டார். பையை வேறு பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்கியிருந்தோம். பை கிடைக்க மறுநாள் மத்தியானம் ஆயிற்று. அதனால் எந்த பஸ்ஸாக இருந்தாலும் இரண்டு சோதனைச் சாவடியிலும் எல்லாப் பைகளோடும் இறங்குங்கள். சட்டமும் அதுதான். நாம்தான் சோம்பேறித்தனப்படுகிறோம்.

புதன் காலை பசியாறிவிட்டு ஒன்பதரைக்கு மேல் கிளம்புங்கள். தெப்ராவ் ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் கிடைத்தால் யோகம். இல்லாவிட்டால் 170-ஆம் எண் பஸ், கடைசி நிறுத்தம் குவீன் ஸ்திரீட். அங்கிருந்து லிட்டில் இந்தியாவின் தேக்கா நடக்கும் தூரம். இந்த பஸ்ஸில் ஒரு வசதி: நீங்கள் வரிசையில் நிற்கும்போது பஸ் போய்விட்டாலும் அடுத்த 170-இல் ஏறிக்கொள்ளலாம். காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால் அதைக் கசக்கி எறியாமல் வைத்திருங்கள். ஜே.பி.யையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் புது ஆர்.டி.எஸ். ரயில் ஓடத் தொடங்கிவிட்டால் நான் பாலத்தைப் பற்றி எழுதிய எல்லாமே பழைய கதையாகிவிடும். சந்தோஷமாக அழித்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன் மூன்று நாளுக்குள் சிங்கப்பூரின் மின்வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். பையனுக்கும் சேர்த்து. இது இலவசம். காசு கேட்கும் பக்கம் வந்தால் அது போலி, மூடிவிடுங்கள். கடப்பிதழ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். சூயிங்கம் கொண்டுபோகக் கூடாது. சிகரெட்டுக்கு ஒரு பாக்கெட்டுக்குக்கூடத் தீர்வைச் சலுகை கிடையாது. வேப் பிடிக்கும் பழக்கம் வீட்டுக்காரருக்கு இருந்தால் அதைச் செந்தூலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், அதில் அவர்கள் விளையாட மாட்டார்கள்.

காசு மாற்றுவதை மஸ்ஜித் இந்தியாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ இரண்டு மூன்று கடை விசாரித்து முடியுங்கள். 150 வெள்ளி ரொக்கமாக இருந்தால் போதும். போனில் இருக்கும் நம் டச் அண்ட் கோ வாலட்டை வைத்தே அங்கே பல கடைகளில் கியூஆர் காட்டிக் கட்டலாம். ரயிலுக்கு ஆளுக்கொரு அட்டை வேண்டும், ஒரே அட்டையை மூன்று பேருக்குத் தட்ட முடியாது. வங்கி அட்டையையே வாசலில் தட்டலாம், ஆனால் வெளிநாட்டு அட்டை என்றால் நாளொன்றுக்கு 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். ஒரு பயணம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வெள்ளிக்குள். உங்கள் பையனுக்கும் பெரியவர் கட்டணம்தான்.

சாப்பாட்டுக்கு உணவங்காடி நிலையம். கண்ணாடிக் கதவு போட்ட உணவகத்தில் நுழைந்தால் பட்டியலில் 12 வெள்ளி என்று இருப்பது பில்லில் அப்படி வராது. சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதற்கு மேல் 9 சதவீத வரி. அங்காடியில் பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் விலை. தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் மீனும் ஆட்டிறைச்சியும் விற்கிற சந்தை, மறு பக்கம் சாப்பாட்டுக் கடைகள். தோசை, பரோட்டா, பிரியாணி எல்லாம் அங்கே. ஆளுக்கு 6 வெள்ளி என்று வைத்தால் வயிறு நிறையும். காலையில் இன்னும் குறையும். சைனாடவுன் பக்கம் மேக்ஸ்வெல்லில் கோழிச் சோறு சாப்பிடலாம். ஹலால் பார்ப்பவர்கள், மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் கடைப் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் அங்காடி உணவுக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2020-இல் பட்டியலில் சேர்த்தது. பினாங்குக்காரர்களிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள், அன்றைய பேச்சு அத்தோடு போய்விடும்.

மேசை காலியாக இருக்கிறதே என்று உட்காரப் போவீர்கள், நடுவில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடக்கும். யாரோ மறந்துவிட்டுப் போனது இல்லை. அந்த மேசைக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நீங்களும் ஒரு பாக்கெட் வைத்திருங்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். நம் ஊர் போல அப்படியே எழுந்து போனால் முதலில் எச்சரிக்கை, மறுபடி செய்தால் 300 வெள்ளி அபராதம். ரயிலுக்குள் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, அதற்கு 500 வெள்ளி வரை. இலவசச் சாப்பாட்டுக்கு எந்தெந்தக் கோயில் என்று சிலர் பட்டியல் தருவார்கள். சாமி கும்பிடப் போன இடத்தில் பிரசாதம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பட்ஜெட்டில் அன்னதானத்தை எழுதாதீர்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, எதைப் பார்ப்பது? யூனிவர்சல் ஸ்டூடியோஸை மறந்துவிடுங்கள். மூன்று பேர் டிக்கெட்டிலேயே உங்கள் பணத்தில் பாதி போய்விடும். பையனுக்கு ஏக்கமாக இருந்தால் செந்தோசா தீவைக் காட்டலாம். ஹார்பர்பிரண்டில் இறங்கி, கடல்மேல் போட்ட நடைபாதை வழியாக நடந்தே போனால் காசில்லை. உள்ளே ஓடும் பஸ்ஸும் கடற்கரை டிராமும் இலவசம். போகும்போது ரயிலில் ஏறினால் ஆளுக்கு 4 வெள்ளி, திரும்பி வரும்போது அதே ரயிலில் காசு கேட்க மாட்டார்கள். ஆகவே போக நடை, வர ரயில்.

புலாவ் உபின் தீவுக்குப் போகச் சொல்லி நிறையப் பேர் எழுதுகிறார்கள். படகு, சைக்கிள், பழைய கம்பத்து (கிராமத்து) வீடுகள். சிங்கப்பூர்க்காரர்களுக்கு அது அதிசயம். கம்பத்தைப் பார்க்க நாம் 350 கிலோமீட்டர் போவானேன்?

இரவு பார்க்க வேண்டியது கரையோரப் பூந்தோட்டங்கள் (கார்டன்ஸ் பை தி பே). குளுகுளு கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் டிக்கெட். வெளித்தோட்டம் முழுக்க இலவசம். அங்கே 25 முதல் 50 மீட்டர் உயரம்வரை இரும்பு மரங்கள் நிற்கின்றன. தினமும் 7.45-க்கும் 8.45-க்கும் பாட்டுக்கேற்ப விளக்கு ஆடும். பத்துப் பதினைந்து நிமிடம்தான். நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். மரங்களுக்கு நடுவே தரையில் ஒரு துண்டை விரித்து மல்லாந்து படுத்துவிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் படுத்திருப்பார்கள். என் அம்மா முதலில் கூச்சப்பட்டார். பிறகு செருப்பைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தவரை எழுப்ப முடியவில்லை. 7.45 காட்சியைப் பார்த்துவிட்டு நடந்தால் ஒன்பது மணிக்கு மரினா பே சாண்ட்ஸ் முன்னால் தண்ணீரில் இன்னொரு ஒளிக்காட்சி, அதுவும் இலவசம். மெர்லயன் சிங்கத்தையும் அந்த நடையிலேயே பார்த்துவிடலாம், அதற்கென்று தனியாகப் போகாதீர்கள். படத்தில் பெரிதாகத் தெரியும், நேரில் எட்டரை மீட்டர்தான்.

வியாழன் காலைக்கு நான் சொல்லும் இடத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். தாவரவியல் பூங்கா. 1859-இல் தொடங்கியது, 2015-இல் யுனெஸ்கோ அங்கீகாரம், உள்ளே நுழையக் காசில்லை. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட், அதை விட்டுவிடுங்கள். செந்தூலில் இருக்கும் உங்கள் குடும்பமும் எங்கள் குடும்பத்தைப் போல ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அந்தத் தோட்டங்களின் கதை இங்கே ஆரம்பிக்கிறது. 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அதில் ஒன்பது கோலகங்சாருக்குப் போயிற்று. 1888-இல் இந்தப் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ரிட்லி என்ற வெள்ளைக்காரர்தான் மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். காப்பித் தோட்டக்காரர்களின் பையில் ரப்பர் விதையைத் திணித்துக்கொண்டே திரிவாராம். அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்றே பெயர். அந்தப் பைத்தியத்தால்தான் என் பாட்டி விடியுமுன் வாளியைத் தூக்கிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனார். நான் பையன்களை அழைத்துப் போனால் இதை அங்கே வைத்துத்தான் சொல்வேன்.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். 1827-இல் எழுந்தது. அதற்குக் காரணமான நாராயண பிள்ளை, சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு 1819-இல் பினாங்கிலிருந்து கப்பலேறியவர். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் போய்விடுங்கள். நேரம் மிஞ்சினால் லிட்டில் இந்தியாவில் முஸ்தபா பேரங்காடியில் சுற்றலாம், வாங்க வேண்டாம். சுற்றுப்பயணிகளுக்கு வரி திரும்பக் கிடைக்கும் என்பார்கள், அது விமானத்தில் கிளம்புகிறவர்களுக்கு. பஸ்ஸில் பாலம் தாண்டுகிற நமக்கு இல்லை.

கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். கோலாலம்பூர், லார்கின் போக வர 210 ரிங்கிட். ஜே.பி. அறை 130. அங்கே சாப்பாடு 60. சிங்கப்பூர் அறை 357. அங்கே இரண்டு நாள் சாப்பாடு 90 வெள்ளி, அதாவது 293 ரிங்கிட். ரயில், பஸ் 36 வெள்ளி, 117 ரிங்கிட். எல்லை தாண்ட 40. மொத்தம் 1,207 ரிங்கிட். மீதி 290-ஐ ஒட்டி இருக்கிறது. அதை முதல் நாளே ஐஸ்கிரீமாகக் கரைக்காமல் வைத்திருந்தால், பையன் ஆசைப்படும் ஏதாவது ஒரு டிக்கெட்டுக்கு ஆகும். மழை பிடித்து டாக்சி எடுக்க வேண்டி வந்தாலும் ஆகும்.

திரும்புவது எப்போது? வியாழன் மத்தியானம் மூன்றுக்கு முன்னால், இல்லாவிட்டால் இரவு ஒன்பதுக்கு மேல். நடுவில் கிளம்பவே கிளம்பாதீர்கள். காலையில் அறையைக் காலி செய்தாலும் பையை ஹோட்டல் முகப்பிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லலாம். நான் ஒன்பதுக்கு மேல் என்பேன். லார்கினில் ராத்திரி பஸ் ஏறினால் பையன் மூவாரைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவான். போகும்போது வேண்டாம் என்ற ராத்திரி பஸ், வரும்போது நல்லது. விடிந்தால் வீடு, தூக்கம் கெட்டாலும் பாழாக ஒரு நாள் இல்லை.

குவீன் ஸ்திரீட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சட்டைப்பையைத் தடவிப் பாருங்கள். சில்லறை இருந்தால் அங்கேயே செலவழித்துவிடுங்கள். நம் ஊர் பணமாற்றுக் கடைக்காரர் நோட்டைத்தான் வாங்குவார், நாணயத்தைத் தொடமாட்டார். என் வீட்டு மேசை இழுப்பறையில் பத்து வருடச் சிங்கப்பூர்ச் சில்லறை ஒரு மைலோ டின் நிறையக் கிடக்கிறது. போகும் வழியில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தால் ஒரு பிடி அள்ளித் தருகிறேன், மூன்று பேருக்குத் தேத்தண்ணிக்கு ஆகும்.